ஏழாவது காரணி

எந்தக் காரியமும் அதனதன் நேரத்தில் தானாக நடந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ளவே முடியாத ஓர் இனம் இந்த உலகத்தில் இருக்கிறது. வாசகரே, நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் பொத்தானை ஏற்கெனவே ஒருவர் அழுத்தி, அதில் விளக்கும் எரிந்து, லிஃப்டும் தன் பாட்டுக்கு இறங்கி வந்துகொண்டிருக்கும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதே பொத்தானை இன்னும் ஏழு தடவை குத்துகிறாரே, அவர்தான். பால் காய்கிற அடுப்பைக் கடந்துபோகும்போதெல்லாம் தீயைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு, பொங்கி வழிந்ததும் பால்காரரைத் திட்டுபவர். பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டு, காயவில்லை என்று கண்டுபிடித்து, அந்தக் கண்டுபிடிப்பின் கைரேகையைக் கதவிலேயே பத்து வருஷத்துக்கு விட்டுவைப்பவர். மாத்திரை தொண்டையைத் தாண்டுவதற்குள் "இன்னும் கேக்கலையே" என்று அடுத்த மாத்திரையைப் பிய்ப்பவர். இந்த இனத்துக்கு இதுவரை யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை. பெயர் வைப்பதற்குள் ஆள் போய்விடுகிறார்.

நமக்குத் தெரிந்தவர் ஒருவரை மட்டும் எல்லோரும் 'உடனே' என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கேள்விக்கும் அவர் வாயிலிருந்து முதலில் விழுகிற வார்த்தை இதுவாக இருந்ததால், அந்தப் பெயர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. எப்போ வேணும் சார்? உடனே. எப்போ கிளம்பலாம் சார்? உடனே. "எப்பலேருந்து வலிக்குது?" என்று கேட்ட டாக்டரிடமும் அதையே சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு நான் பொறுப்பில்லை.

உடனே ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ரெசின் பட்டறை. பார்த்திருப்பீர்கள்: கண்ணாடிக் கட்டிக்குள் சிப்பியோ பூவோ அசையாமல் கிடக்கிற பேப்பர் வெயிட்டுகள், பரிசுக் கேடயங்கள், கடைப் பெயர் எழுத்துகள், இவையெல்லாம் பிறக்கிற இடம் அது. ரெசின் என்பது தேன் மாதிரி ஒரு திரவம். சும்மா விட்டால் மாதக்கணக்கில் தேனாகவே கிடக்கும். ஹார்டனர் என்று தண்ணீர் மாதிரி ஒன்றை அதில் சொட்டுச் சொட்டாகக் கலந்தால், யாரும் அடுப்பு மூட்டாமலேயே தானாகச் சூடேறி, இறுகி, கல்லாகிவிடும். எத்தனை சொட்டு, எவ்வளவு சூடு, எவ்வளவு கனம், எவ்வளவு நேரம் என்பதில்தான் தொழிலே இருக்கிறது. நேரம் எடுத்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்ட ஓர் இடத்துக்கு நம் ஆளைச் சூப்பர்வைசராகப் போட்ட முதலாளியை என்ன சொல்வது? அவரும் பாவம், நேர்முகத் தேர்வு நாலே நிமிஷத்தில் முடிந்துவிட்டதால் மயங்கிப்போனார்.

பதவியேற்ற முதல் வாரத்திலேயே பட்டறைக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் திருப்பி வைத்தார். பட்டறைக்காரர்கள் மனசுக்குள் பத்து நிமிஷத்தைக் கழித்துக்கொண்டார்கள். அது தெரிந்ததும் யாருக்கும் சொல்லாமல் இன்னும் ஐந்து நிமிஷம் கூட்டினார். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் மணி என்ன என்பது ஆளாளுக்கு ஒரு கருத்தாகிவிட்டது.

அவருக்கு நேர் எதிரி, அல்லது அவருடைய வயிற்றெரிச்சலுக்கு ஒரே காரணம், கலவை அக்கா. பதினொரு வருஷமாக ரெசின் கலக்குகிறவர். ஐம்பதை ஒட்டிய வயது, மூக்குக் கண்ணாடி, முழங்கைவரை உறை. தராசில் ரெசினை நிறுத்து, சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து, ஒரு பழைய நோட்டைப் புரட்டி, அதன் பிறகுதான் சொட்டுக் குழாயைக் கையில் எடுப்பார். எண்ணும்போது உதடு மட்டும் அசையும். அந்த நேரத்தில் பட்டறை தீப்பற்றினாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் திரும்புவார். கலக்குவதும் அப்படித்தான், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி மெதுவாக. வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி ஏறிவிடுமாம்.

இந்த இருவருக்கும் நடுவே தினமும் ஒரே பேச்சுதான்.

"ஆச்சாக்கா?"

"ஆகுது சார்."

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் கதவிடுக்கில் தலை தெரியும்.

"ஆச்சா?"

"ஆகிக்கிட்டே இருக்கு சார்."

"ஏன் இன்னும் ஆகல?"

"நீங்க கேட்டு முடிச்சதும் ஆயிடும் சார்."

அக்காவின் கணக்கில் ஒன்று மட்டும் உடனேவுக்கு ஜீரணமாகவே இல்லை. பொருள் எவ்வளவு கனமோ அந்த விகிதத்துக்கு ஹார்டனரைக் குறைப்பார் அக்கா. சின்னக் கேடயத்துக்கு ஒரு பங்கு என்றால், தடித்த கட்டிக்கு முக்கால் பங்கு.

"பெரிசுக்குக் கம்மியா? யார் காதுலக்கா பூ சுத்துறீங்க?"

"பெரிசா இருந்தா சூடு வெளிய போக வழி இல்ல சார். உள்ளயே தங்கி அதுவே அதை முடுக்கிக்கும். நாமளும் சேர்ந்து முடுக்கினா தாங்காது."

"பெரிய குடும்பத்துக்குச் சாப்பாடு அதிகம் வேணுமா, கம்மியாவா?"

"இது சாப்பிடாது சார்."

உடனேவின் வீட்டிலும் விதி விளையாடியிருந்தது. அவர் மனைவி பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வருஷா வருஷம், வேதிவினையின் வேகத்தைப் பாதிக்கும் காரணிகள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார்: வினைபடு பொருளின் தன்மை, செறிவு, வெப்பநிலை, புறப்பரப்பு, அழுத்தம், வினையூக்கி. ஆறு. வீட்டுக்கு வந்தால் அத்தனையையும் ஒரே சமயத்தில் பிரயோகிக்கிற ஒருவர் உட்கார்ந்திருப்பார். காபிக்கு மூன்று மடங்கு தூள், அடுப்பில் முழுத் தீ, ஸ்பூனால் இடைவிடாத கலக்கல், "ஆச்சா, ஆச்சா" என்கிற அழுத்தம் வேறு.

"புத்தகத்துல ஆறுதாங்க போட்டிருக்கான்," என்று ஒரு நாள் சொன்னார் டீச்சர். "ஏழாவது ஒண்ணு விட்டுப்போச்சு. பதிப்பாளருக்கு எழுதிப் போடணும். உங்க போட்டோவும் வெச்சு."

உடனே அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அந்த இனத்துக்கே உள்ள குணம் அது.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் வேறு அவசரப்படுகிறீர்கள்.

போன மாதம் பட்டறையில் ஒரு தொகுதிக் கேடயங்கள் அத்தனையும் விரிசல் விட்டுப் போயின. அன்றைக்குக் குளிர். அக்கா நோட்டைப் பார்த்துக் குளிருக்கு ஏற்றபடி கொஞ்சம் கூடுதலாகவே சொட்டுகளைப் போட்டு ஊற்றிவிட்டு நகர்ந்தார். குளிரில் இறுகத் தாமதமாகிறதே என்று நம்மவர் சத்தமில்லாமல் உள்ளே போய் ஹீட்டரைப் போட்டு, குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டார். பலன், அரைமணி நேரத்தில் படபடவென்று விரிசல். முதலாளி வந்து பார்த்தார். ஹீட்டர் அதற்குள் அணைக்கப்பட்டிருந்தது. சொட்டு கூடிப்போய்விட்டது என்று முடிவு செய்து, எல்லோரையும் கூட்டிவைத்து அறிவித்தார்: "இன்னொரு கலவை வீணாச்சுன்னா, கலக்குறவங்க அன்னைக்கே வீட்டுக்குக் கிளம்பிடலாம்." அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடனே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதாவது, அக்காவின் வேலை ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். நூலை அறுத்துக்கொண்டிருப்பது யார் என்பது பட்டறையில் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

இந்த நிலையில்தான் ஒரு ஓட்டலிலிருந்து வேலை வந்தது. வரவேற்பு மேசைக்கு ஒரு மேல்பலகை. ஆள் நீளம், நாலு விரல் கனம், உள்ளே கடற்கரையையே வாரிக்கொண்டு வந்ததுபோல் சிப்பிகள். ஓட்டல் திறப்புக்குப் பத்து நாள் இருந்தது. அக்காவின் கணக்கு இப்படி: ஒரு விரல் கனத்துக்கு ஓர் அடுக்கு, அடுக்குக்கு அரை நாள் காத்திருப்பு, நாலு அடுக்குக்கு இரண்டு நாள், மெருகு போட மூன்று நாள், ஆக ஐந்து. பத்து நாள் இருக்கிறது, வேலை ஐந்து நாள். உங்களுக்கும் எனக்கும் இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை அல்லவா? உடனேவுக்குத் தெரிந்தது. மிச்சம் ஐந்து நாளும் அந்தப் பலகை சும்மா நிற்குமே! அதை நினைத்தாலே அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"நாலு தடவை எதுக்குக்கா? ஒரே தடவை கலக்கி ஒரே தடவை ஊத்தினா என்ன?"

"வெடிச்சிரும் சார்."

"ட்ரம்ல இருக்கறது இவ்வளவுதான். அடுத்த ட்ரம் வர மூணு வாரம் ஆகும். சீக்கிரம் முடிச்சுட்டா ஒரு கவலை விட்டுச்சு பாருங்க."

"அதனாலதான் சார் மெதுவாப் பண்றேன்."

இதென்ன பதில் என்று உடனேவுக்குப் புரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் ஒரே ட்ரம்தான் இருக்கிறது என்பது அக்காவின் கட்சிக்குத்தான் சாதகம். ஆனால் நம் ஆளுக்கு எந்தச் செய்தி வந்தாலும் வேகத்தின் பக்கமே சாயும். மழை வருமா? அப்படியானால் சீக்கிரம். மழை வராதா? அப்ப இன்னும் சீக்கிரம்.

அக்கா சிப்பிகளைக் கழுவிக் காயவைத்து, அச்சுப்பெட்டிக்கு மெழுகு தடவி, அன்றைய வெப்பநிலையை நோட்டில் எழுதிவிட்டு, சாப்பிடப் போனார். முக்கால் மணி நேரம். மெருகு அறையில் இயந்திரங்கள் போட்ட கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. கலவை அறையில் யாருமில்லை. ட்ரம் இருந்தது, ஹார்டனர் பாட்டில் இருந்தது, உடனே இருந்தார்.

பிறகு நடந்ததை அவர் மனைவியின் பாடப்புத்தக வரிசையிலேயே சொல்லிவிடலாம். ட்ரம்மில் இருந்த அத்தனை ரெசினையும் ஓர் ஆழமான பிளாஸ்டிக் வாளியில் கவிழ்த்தார். பெரியதற்குப் பெரிய அளவுதானே என்று பாட்டிலைத் திறந்து, சொட்டுக் குழாயை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு குத்துமதிப்பாக ஊற்றினார். அக்கா போட்டிருக்கக்கூடிய அளவைவிட அது ஆறு மடங்கு. ஹீட்டரைப் போட்டார். குச்சியால் கிண்டுவது இந்தக் காலத்துக்கு ஒத்துவருமா என்று, யாரும் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மெருகு அறைக் கதவோரக் கொக்கியிலிருந்து ட்ரில் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அதன் முனையில் துடுப்புக் கம்பியை மாட்டி, வாளிக்குள் விட்டு விசையை அழுத்தினார். பலகை மாதிரி பரப்பி ஊற்றியிருந்தால் சூடு மேலே கிளம்பிப் போயிருக்கும். வாளிக்குள் அது எங்கே போகும்?

வாளியின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு. "அட, வேலை செய்யுது!" என்று அவருக்கு ஒரே பூரிப்பு. பதினொரு வருஷமாக இந்தம்மா நம்மை ஏமாற்றியிருக்கிறாரே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. மறுபடி தொட்டார். சூடு. மறுபடி தொட்டார். கையை வாய்க்குள் வைத்துக்கொண்டார். தேன் கூழாகி, கூழ் களியாகி, அதற்குள் துடுப்புக் கம்பி மாட்டிக்கொண்டது. ட்ரில் நின்றதா? நிற்கவில்லை. துடுப்பு சுற்ற முடியாமல் போகவே வாளி சுற்ற ஆரம்பித்தது. வாளியை முழங்காலால் அணைத்துப் பிடிக்கப் போய், உடனேவும் வாளியுமாக அறைக்குள் இரண்டு சுற்று சுற்றினார்கள். விசையிலிருந்து விரலை எடுத்தால் போதும் என்பது மூன்றாவது சுற்றில்தான் அவருக்குத் தோன்றியது. வாழ்நாளில் எதிலிருந்தும் விரலை எடுத்துப் பழகாத மனிதர் அல்லவா?

பிறகு புகை. மூக்கைப் பிய்க்கிற நாற்றம். பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம், அதன்பின் இன்னொன்று. வாளிக்குள் இருந்தது மஞ்சளாக, நெடுக்கும் குறுக்கும் வெடித்த ஒரு பாறை. வாளியின் அடி உருகித் தரையோடு ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த நிலையிலும் நம் ஆளின் வேகம் குறையவில்லை. பாறையில் நட்டமாக நின்ற கம்பியிலிருந்து ட்ரில்லைக் கழற்றினார், மெருகு அறைக் கொக்கியில் கொண்டுபோய் மாட்டினார், ஹீட்டரை அணைத்தார், கையைத் துடைத்தார், வாசலுக்கு வந்து மற்றவர்களோடு சேர்ந்து இருமினார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். அவருடைய வாழ்க்கையிலேயே ஒரு பிசிறில்லாமல் நடந்த வேலை அதுதான்.

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"கெட்டியாயிடுச்சு சார்."

"அது தெரியுது. யாரு கலந்தது?"

வாசகரே, கவனியுங்கள். எந்தக் கேள்விக்கும் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிற மனிதர். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்ட கேள்விக்கும் தானே பதில் சொல்கிற மனிதர். அவருக்கு அன்று பதில் வரவில்லை. வெப்பமானியைப் பார்த்தார். கடைசியில், "கலவை ரூம்... அக்கா பொறுப்புதானே சார்," என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அதில் இருந்த அயோக்கியத்தனம்.

அந்த நேரம் பார்த்து அக்கா கழுவிய சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்தார். வாளியைப் பார்த்தார். பாறையில் நின்ற கம்பியைப் பார்த்தார்.

"நான் கலக்கல சார்."

"பின்ன, அதுவா ட்ரம்லேருந்து இறங்கி வந்து கலந்துக்குச்சா?"

"யார்னு நான் பாக்கல சார். பாக்காததைச் சொல்ல மாட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உடனேவின் முகத்தைப் பார்த்தார். "கலந்தவங்களே சொல்லட்டும்."

நேரம் கொடுத்தார் அக்கா. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். யாரும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நோட்டை எடுத்துக்கொள்ள மறந்துபோனார்.

அன்று சாயங்காலம் டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அதே பாடம், அதே ஆறு காரணிகள். ஒரு பையன், "அழுத்தம் அதிகமானால் வேகம் அதிகமாகும். இதை எங்கள் வீட்டில் பரீட்சைச் சமயத்தில் காணலாம்" என்று எழுதியிருந்தான். டீச்சர் சிரித்துக்கொண்டே அரை மார்க் போட்டார். உடனே எதிரில் உட்கார்ந்து பட்டறைச் சமாசாரத்தைச் சொன்னார். மிக நிதானமாக.

"கெட்டியாயிடுச்சும்மா. அப்படியே புகை வந்துடுச்சு. வாளி ஒட்டிக்கிச்சு."

"ம்."

"அக்காவை அனுப்பிட்டாங்க."

சிவப்புப் பேனா நின்றது. "அந்தம்மா எத்தனை வருஷமா கலக்குறாங்க?"

"பதினொண்ணு."

"அதுல எத்தனை தடவை இப்படி ஆயிருக்கு?"

"போன மாசம் ஒரு தடவை."

"ஹீட்டரைத் திருப்பினேன்னு நீங்களே சொன்னீங்களே, அதா?"

உடனே தண்ணீர் குடித்தார்.

"இன்னைக்கு யாருங்க திருப்பினது?"

"தானா சூடாயிடுச்சும்மா. அது அப்படித்தான், தானா..."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கையில் கொப்புளம் கட்டியிருந்ததைப் பார்த்தார். திட்டுவார் என்று உடனே எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் ஒரு சண்டையைப் போட்டு, சண்டையின் வேகத்தில் விஷயத்தை மறந்திருக்கலாம். டீச்சர் உள்ளே போய் மருந்து எடுத்துவந்து கொப்புளத்தில் தடவினார். பிறகு அடுத்த தாளை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் யாரும் யாரையும் அவசரப்படுத்தாத முதல் சாயங்காலம் அது. உடனேவால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை முதலாளி அறைக் கதவுவரை போனார். முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் உள்ளே புகுந்து, கையால் சைகை காட்டி, பேசுகிறவரின் காதிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக நிற்பார். அன்றைக்கு, "பாவம், பேசட்டும்" என்று திரும்பி வந்துவிட்டார். இரண்டாம் நாள் முதலாளிக்கு ஜலதோஷம். அந்த நிலையில் தொந்தரவு கொடுப்பது நாகரிகமில்லை என்று பட்டது. மாலையில் முதலாளியே கூப்பிட்டு, "இனிமே கலவையையும் நீங்களே பாத்துக்கங்க, உங்க சுறுசுறுப்புக்கு அதுதான் சரி," என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு எலும்புவரை போனது.

மூன்றாம் நாள் காலை கலவை அறைக்குள் தனியாக நின்றார். சிப்பிகள் காய்ந்து வரிசையாகக் கிடந்தன. அக்காவின் நோட்டு மேசைமேல் இருந்தது. புரட்டினார். பதினொரு வருஷம். நாள், வெப்பநிலை, எடை, சொட்டு. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. போன மாதத்துப் பக்கத்தில், விரிசல் விழுந்த நாளுக்கு எதிரே, "ரூம் சூடு திடீர்னு ஏறிருக்கு. நான் வெளியே போகாம இருந்திருக்கணும்," என்று எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் மூன்று நாளைக்கு முந்தைய தேதி. வெப்பநிலை எழுதியிருந்தது. அடியில், "முதல் அடுக்கு, சாப்பிட்டு வந்து," என்று இருந்தது. அதற்குக் கீழே வெற்றுத்தாள்.

உடனேவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரோ ஹீட்டரைப் போட்டிருக்கிறார்கள் என்று அந்தம்மாவுக்குப் போன மாதமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தன் பேரில் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் எவ்வளவு கேவலமான ஆள் என்று வாய்விட்டே சொன்னார். சிப்பிகளைத் தவிர யாரும் கேட்கவில்லை.

முதலாளி அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

"சார், அந்த வாளியைக் கலந்தது நான்தான்."

ஐந்தே சொல்லில் முடிகிற ஒரு விஷயம். மூன்று நாள் ஆகியிருந்தது. ஆனால் ஒன்று, அந்த வினை ஆரம்பிக்கத்தான் அவ்வளவு நேரமே தவிர, ஆரம்பித்த பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. "ட்ரில்லைக் கழட்டி மாட்டினதும் நான்தான் சார். போன மாசம் ஹீட்டரும் நான்தான். கடிகாரத்தை முன்னால வெச்சதும் நான்தான், முதல்ல பத்து, அப்புறம் அஞ்சு. உங்க ரூம் கதவுல இருக்கற கைரேகை என்னுது சார். போன வருஷம் பசை காயறதுக்குள்ள நாற்காலியைத் தூக்கினதும்..."

"எந்த நாற்காலி?"

"நீங்க உக்காந்து விழுந்தீங்களே சார், அந்த நாற்காலி."

"போதும்யா, நிறுத்துய்யா!" என்று முதலாளி எழுந்து நின்றுவிட்டார். உட்காரப் போனவர், நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு வெகுநேரம் திட்டினார். அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. கலவை அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். "நீரே போய் அந்தம்மாவைக் கூட்டிக்கிட்டு வாரும்," என்றும் சொன்னார். ஓட்டல்காரர்கள் திறப்பு விழாவை மேசைக்கு ஒரு துணி போர்த்தி நடத்திக்கொண்டார்கள். ஐந்து நாளை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று வாரம் போனதுதான் கணக்கு.

அக்கா வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உடனே மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறி, மூச்சு வாங்க, வாசலிலேயே ஆரம்பித்தார்.

"அக்கா, நான்தான். சொல்லிட்டேன். முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாங்க, உடனே கிளம்புங்க."

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். கையிலிருந்த நோட்டை நீட்டினார். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மீதித் துணியையும் உதறி, சுருக்கம் எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார். உடனே பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார். எழுந்து போய் உதவலாமா என்று ஒரு தடவை இடுப்பைத் தூக்கினார். அக்கா பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வாளி போனதுக்கு எனக்கு வருத்தம் இல்ல சார். ரெசின்தானே. மூணு நாளா எதிர்வீட்டுல, என்னக்கா வேலைக்குப் போகலியான்னு கேக்குறாங்க. என்னன்னு சொல்வேன்? திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி கதவைச் சாத்திக்கிட்டு இருந்தேன்." அக்கா கொடியில் தொங்கிய துணியின் ஓரத்தை இழுத்துவிட்டார். "அன்னைக்கு உங்க மூஞ்சியை ரெண்டு நிமிஷம் பாத்தேனே சார். ஒரு வார்த்தை. அது உங்க வாயில வரலியே."

"தப்புதான்கா. பெரிய தப்பு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா."

"வேலைக்குத் திங்கக்கிழமை வரேன். ஹார்டனர் அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்கும். நீங்க கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரணும்."

"சரிக்கா, சரி, சரி. மன்னிப்பு?"

"அது இறுகிக்கிட்டுதான் இருக்கு. ஆகும்போது ஆகும்." நோட்டைத் திறந்து, வெற்றுத்தாளில் தேதி போட ஆரம்பித்தார் அக்கா. "நீங்க கிளறாம இருங்க."

உடனே படியிறங்கினார். இரண்டு இரண்டாகத் தாவவில்லை. திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். முழங்காலில் வாளி சுட்ட இடம் இன்னும் வலித்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை கலவை அறைக் கதவைத் தட்டினார். ஏழு தடவை தட்டினார்.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்துவிட்டீர்கள். நான் இந்த இனம் இல்லை, நான் நிதானமான ஆள், பொத்தானை ஒரு தடவைக்குமேல் அழுத்தியதில்லை, பெயிண்டைத் தொட்டதில்லை, பாலைப் பொங்கவிட்டதில்லை என்று மார்தட்டுகிறீர்கள். இருக்கட்டும், நம்புகிறேன். ஆனால் நான் கேட்க வந்தது வேறு. உங்கள் கையால் ஆன ஒரு காரியத்துக்கு, நீங்கள் வாய் திறக்காததால் இன்னொருவர் பேர் கெட்டுப்போய் நிற்கிறாரே, ஆமாம், இப்போது உங்களுக்கு ஞாபகம் வருகிறதே, அதே ஆள்தான், அவரிடம் போய் "நான்தான்" என்று சொல்ல உங்களுக்கு எத்தனை நாள் ஆயிற்று? இன்னும் ஆகவில்லையா? ஒன்றும் பாதகமில்லை, மெதுவாகவே போங்கள். அவர் அங்கேயேதான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.